நாலாவது கோரிக்கை

2025 அக்டோபர் 11, சனிக்கிழமை காலை. அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஊர். மாரியம்மன் கோயில் வாசலில் சாமியானா கட்டியிருக்கிறார்கள். காந்தி ஜெயந்தியன்று நடந்திருக்க வேண்டிய கிராம சபை இன்றைக்குத் தள்ளி வந்திருக்கிறது. மேசைமேல் ஒரு டிவி. தமிழ்நாடு முழுக்க பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம சபைகளில் முதலமைச்சர் ஸ்டாலினின் பேச்சு காணொலியில் ஓடுகிறது.

முன்வரிசையில் பெண்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், மகளிர் குழுக்காரர்கள். வருகைப் பதிவேடு மடி மாறி மடி மாறி வருகிறது. மூவாயிரம் பேருக்கு உட்பட்ட ஊராட்சி என்பதால் நூறு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஆண்களில் பாதிப் பேர் பந்தலுக்குள் வரவில்லை. கோயில் திண்ணையிலும், நிறுத்தி வைத்த எக்ஸெல் வண்டிகளின் மேலும், எதிர்ப்பக்கப் புளியமரத்தடியிலும் நிற்கிறார்கள். காது மட்டும் பந்தலுக்குள் இருக்கிறது.

ஊராட்சி செயலர் கூட்டப் பொருள்களைப் படிக்கிறார். வரவு செலவு, டெங்கு தடுப்பு, மழைநீர் சேகரிப்பு, குடிநீர்த் தொட்டி கழுவியது. அவருக்குப் பக்கத்தில் பற்றாளராக வந்திருக்கும் அலுவலர். வேறு துறைக்காரர், ஊருக்குப் புதியவர். எந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று செயலரிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறார். நல்ல மனிதராகத் தெரிகிறார். வயதானவர்கள் பேசினால் தானும் எழுந்து நின்று கேட்கிறார்.

தலைவர் இல்லை. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் ஐந்தாண்டு, 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அன்றிலிருந்து கோவை மாவட்டத்தின் 228 ஊராட்சிகளிலும் தனி அலுவலர்தான். தலைவர் போட வேண்டிய கையெழுத்தை வட்டார வளர்ச்சி அலுவலர் போடுகிறார். ஓர் ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் அவர் ஒருவர். எல்லா ஊரிலும் ஒரே நாளில் கூட்டம் நடக்கும்போது அவர் எந்த ஊருக்கென்று வருவார்?

இந்தக் கூட்டத்தில் ஒவ்வோர் ஊரும் தன் முக்கியமான மூன்று தேவைகளைத் தேர்ந்து சொல்ல வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. செயலர் அதைச் சொன்னதும் பந்தல் கலகலக்கிறது.

"நல்லதண்ணி பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வருதுங். உப்புத்தண்ணியும் மோட்டார் போனா கெடையாது. மொதல்ல அத எழுதுங்" என்கிறார் பச்சைச் சேலை கட்டிய ஓர் அக்கா. பின்னாலிருந்து நாலைந்து குரல் அதையே சொல்கிறது. எழுதப்படுகிறது.

வெளியே வண்டிமேல் உட்கார்ந்திருந்தவர் இறங்கி உள்ளே வருகிறார். "ஏனுங், போன வாரம் ரவைக்குப் பட்டிக்குள்ள நாய் புகுந்து என்ற ஆட்டுல நாலு உருப்படியக் கடிச்சுப் போட்டுருச்சுங். ஆரு கிட்டப் போய்ச் சொல்றதுங்?" காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் போராடிய செய்தி எல்லாருக்கும் தெரியும். அதுவும் எழுதப்படுகிறது.

மூன்றாவதைச் சொல்ல எழுந்தவர் அருந்ததியர் தெருவிலிருந்து வந்திருக்கும் பெண். ஐம்பது வயதுக்குள் இருக்கும். தெருக்களின் சாதிப் பெயர்களை மாற்றுவது பற்றிய பொருளைச் செயலர் படித்து முடிக்கும்வரை பொறுமையாக நிற்கிறார். "காலனிங்கற பேர எடுத்தர்றம்னு சொன்னாங்க, சந்தோசம். தெருப் பேரு மாறறதும் சந்தோசங். மயானத்துக்குப் போற வழி மட்டும் அப்படியே இருக்குதுங்க. மழை பேஞ்சா பொணத்தத் தூக்கிட்டு முழங்கால் சேத்துல போறோம். நான் மெம்பரா இருந்தப்ப எஸ்டிமேட் போட்டு வெச்சதுங்க. அந்தக் காகிதம் இப்ப எங்க இருக்குது?"

செயலர் குனிந்து கோப்பைப் பார்க்கிறார். பற்றாளர் எழுதிக்கொள்கிறார். மூன்று ஆகிவிட்டது.

அப்போதுதான் கோயில் திண்ணையிலிருந்து ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுகிறார். வெள்ளை வேட்டி, தோளில் பச்சைத் துண்டு. "நாலாவதா ஒண்ணு எழுதிக்குங். எங்க ஊருக்கு எலெக்சன் எப்ப வெப்பீங்க?"

"ஐயா, அது எங்க கையில இல்லீங்க."

"பதிலு உங்க கையில இல்ல. எழுதறது உங்க கையிலதானுங்? ஊரு கேட்டுதுன்னு எழுதுங்."

"மூணுதானுங்க ஐயா எழுதச் சொல்லியிருக்காங்க."

பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறார். கூட்டம் முடிந்து பிஸ்கெட்டும் டீயும் கொடுக்கிறார்கள். பதிவேட்டில் நாலாவது ஏறவில்லை.

பந்தலில் பேசாதவர்கள் பேசுவதற்கு மெயின் ரோட்டில் ஒரு பேக்கரி இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன்னும் பப்ஸும் வர்க்கியும். வெளியே நீளமான சிமென்ட் திண்டு. கூலிக்குத் தறி ஓட்டுகிறவர், கோயமுத்தூரில் லேத் பட்டறைக்குப் போகிற பையன்கள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள் என்று பத்துப் பேருக்குக் குறையாமல் எப்போதும் இருப்பார்கள். மூலையில் உட்கார்ந்து டீ குடிக்கிறவனை யாரும் யாரென்று கேட்பதில்லை.

இன்றைக்குப் பேச்சு பாலத்தில் தொடங்குகிறது. முந்தாநாள்தான், அக்டோபர் 9-ஆம் தேதி, கோவை அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலத்தை முதலமைச்சர் திறந்துவைத்திருக்கிறார். ஜி.டி. நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள்.

"நேத்தே ஒரு ரவுண்டு போயிட்டு வந்துட்டனுங்ணா. பத்து நிமிசந்தான்" என்கிறான் பட்டறைப் பையன்.

"தெருவுல சாதிப் பேர எடுக்கச் சொல்லிப்போட்டு பாலத்துல வெக்கறாங்களே, அது எப்படி?" என்று ஒருவர் கேட்கிறார்.

ஆசிரியர் தலையாட்டி மறுக்கிறார். "ஜி.டி. நாயுடுன்னா கோயமுத்தூர்ல அது ஒரு மனுசனோட பேருங்க. மோட்டார் செஞ்சவரு, பள்ளிக்கூடம் வெச்சவரு. பாதியா வெட்டுனா யாருக்குத் தெரியும்?" பேச்சு அங்கே கொஞ்ச நேரம் சூடாகிறது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதை இரண்டு பக்கத்தாரும் ஒத்துக்கொள்கிறார்கள். இது தொலைக்காட்சி விவாதங்களில் நடந்து நான் பார்த்ததில்லை.

தறிக்காரர் அதுவரை பேசவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறார்: "பாலம் அ.தி.மு.க. ஆட்சில ஆரம்பிச்சது, தி.மு.க. ஆட்சில முடிஞ்சது. அத்திக்கடவும் அப்படித்தான். ஆரு ரிப்பன் வெட்டுனா என்னங்? ரெண்டும் நம்ம வரிப் பணம். ஆட்சி மாறுனதும் நின்னுபோன வேலையப் பாருங். வெள்ளலூர் பஸ் ஸ்டேண்டு அப்படியே கெடக்குது. அதுல போட்ட காசும் நம்ம காசுதான்."

அத்திக்கடவு என்றதும் பச்சைத் துண்டுப் பெரியவர் திரும்புகிறார். அவரும் வந்து திண்டில் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஊரில் அத்திக்கடவைப் பற்றிப் பேச அவரைவிட உரிமை உள்ளவர் இல்லை. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் நடந்த உண்ணாவிரதப் பந்தலில் இருந்தவர்.

"எங்கப்பாரு காலத்துலருந்து கேட்டதுங். மேல அத்திக்கடவுலருந்து தண்ணி தானா எறங்கி வரோணும்னு கேட்டோம். கடைசியில பவானிக்குக் கிட்டக் காலிங்கராயன் அணைக்குக் கீழ போயி, அங்கிருந்து மோட்டார் வெச்சு மேட்டுக்கு ஏத்தறாங்க. சரி, வந்துதே, அது போதும்னு வெச்சுக்கிட்டோம்."

அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் இதுதான்: ஆறு நீரேற்று நிலையங்கள், 1,916 கோடி ரூபாய், ஒன்றரை டி.எம்.சி. உபரி நீர், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகள். 2019-ல் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டியதை 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஸ்டாலின் தொடங்கிவைத்தார். பெரியவருக்கு இந்தக் கணக்கெல்லாம் மனப்பாடம்.

"எங்கூர்ல பெரிய குட்டைக்குக் குழாய் வந்துருச்சுங். தெக்கால குட்டை கணக்குலயே இல்ல. விட்டுப்போச்சாம். இதையச் சொல்றதுக்கு மெட்ராஸ் போகோணுமா? ஊருக்கு ஒரு தலைவரு இருந்தா அவரு தீர்மானம் போட்டு, நாலு ஊருத் தலைவருகளச் சேத்துக்கிட்டுக் கலெக்டர் ஆபீசுல போய் ஒக்காருவாரு. 2022-ல தொழில் பூங்கான்னு இந்தப் பக்கம் மூவாயிரம் ஏக்கருக்கு மேல நோட்டீசு உட்டாங்கல்ல? எத்தன ஊரு சேந்து நின்னோம்! தனியார் கம்பெனி வெச்சிருக்கற தரிசு மட்டும் போதும், விவசாயி நெலத்தத் தொடமாட்டோம்னு சொல்ல வெச்சோம். இன்னைக்கு அப்படியொரு நோட்டீசு வந்தா, மொதல்ல ஆரு ஊட்டுக் கதவத் தட்டுவீங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. பெரியவர் கேட்பது பதவிக்காக இல்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

கதவு தட்டப்படும் வீடு ஒன்று உண்மையில் இருக்கிறது. மயான வழியைப் பற்றிக் கேட்ட அந்த அக்காவின் வீடு. கூட்டம் முடிந்து, பேரனுக்குப் பன் வாங்க அவர் பேக்கரிக்கு வருகிறார். திண்டில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசுகிறார். ஆசிரியர்தான் "உக்காருங்க மெம்பரம்மா" என்று இடம் விடுகிறார். பதவி போய் ஒன்பது மாதம் ஆகியும் பெயர் போகவில்லை.

"இன்னமும் எனக்குத்தானுங் போன் பண்றாங்க. ராத்திரி பத்து மணிக்கு லைட்டு எரியலம்பாங்க. நான் என்ன பண்றது? ஆகஸ்ட்டுல மோட்டார் காயில் போயிருச்சு. தலைவரு இருந்தப்ப அன்னைக்கே கழட்டிக் கோயமுத்தூர் கொண்டுபோயிடுவாரு. காசு கைக்காசு, பில்லு பொறவு பாத்துக்கலாம். ரெண்டு நாளுல தண்ணி வந்துரும். இப்பக் காகிதம் போயி, கொட்டேசன் வாங்கி, கையெழுத்தாகி வாறதுக்கு ரெண்டு வாரங். நாங்க கொடத்தத் தூக்கிட்டுத் தோட்டந்தோட்டமாப் போனோம்."

நாடு முழுக்கப் பம்பு செட்டு செய்து அனுப்புகிற கோயமுத்தூருக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர் இது. காயில் கட்டத் தெரிந்தவர்கள் இந்தப் பேக்கரியிலேயே இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆளும் உண்டு, பொருளும் உண்டு. இன்றைக்கே செய் என்று சொல்லும் பொறுப்பு மட்டும் ஊருக்குள் இல்லை. இந்த ஒன்றைத்தான் தேர்தல் ஊருக்குக் கொடுத்திருந்தது.

அந்த அக்காவுக்கு அது இன்னொன்றையும் கொடுத்திருந்தது. பெண்களுக்குப் பாதி இடம், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கீடு என்று சட்டம் இருப்பதால்தான் அவர் மன்றத்துக்குள் போனார். பெரிய வீட்டுக்காரர்களோடு ஒரே மேசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "மொத கூட்டத்துல நின்னுக்கிட்டேதான் இருந்தனுங். தலைவருதான் ஒக்காரச் சொன்னாரு. அப்பறம் பழகிருச்சு" என்கிறார். சம்பளம் கிடையாது. வேலை நாளில் கூட்டம் வைத்தால் அன்றைய கூலியும் போகும். ஆனாலும் அவருடைய தெருவுக்கு விளக்கு வந்தது, சாக்கடை வந்தது. இப்போது அதே அக்கா, பந்தலில் கையைத் தூக்கி, முறை வரும்வரை நின்று பேச வேண்டியிருக்கிறது. தேர்தல் தள்ளிப்போவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்கள் இவரைப் பார்க்க வேண்டும். வசதியும் உறவும் உள்ளவர்களுக்கு ஒன்றிய அலுவலகத்தில் பேச ஆள் கிடைத்துவிடும். இவருக்குக் கிடைத்த ஒரே வழி அந்த ஓட்டுப் பெட்டிதான்.

பேச்சு மேலே போகிறது, கோட்டைக்கு. வரப்போகிற சட்டசபைத் தேர்தலில் யார் என்பதைப் பற்றி இரண்டு பட்டறைப் பையன்கள் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒருவன் நடிகர் விஜய் கட்சிக்காரன். செப்டம்பர் 27-ஆம் தேதி கரூரில் விஜய் கூட்டத்தில் 41 பேர் நெரிசலில் இறந்த பிறகு அவன் சத்தம் குறைந்திருக்கிறது. "நானும் போறதாத்தான் இருந்துச்சுங்ணா. அம்மா விடல" என்கிறான். பெரியவர் அவன் முதுகில் கை வைக்கிறார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கரூரைப் பற்றி யாரைக் குற்றம் சொல்வது என்ற பேச்சு நாடெங்கும் நடக்கும் நேரத்தில், அந்தக் கை போதுமானதாக இருக்கிறது.

கொங்கு தங்கள் கோட்டை என்று எல்லாக் கட்சியும் மேடையில் சொல்வதுண்டு. தறிக்காரர் அதை ஏற்கவில்லை. "2021-ல கோயமுத்தூர் ஜில்லாவுல பத்துக்குப் பத்தும் அ.தி.மு.க. கூட்டணிக்குப் போட்டோம். அடுத்த வருசமே மாநகராட்சில நூத்துக்குத் தொண்ணூத்தாறு தி.மு.க. கூட்டணிக்கு உழுந்துச்சு. 2024-ல எம்.பி.யும் அவிங்களுக்கு. எங்க தறிக்கு ஆயிரம் யூனிட் இலவசம் குடுத்தாங்க, நான் இல்லேங்கல. அதே ஆளுங்கதான் கரண்டு ரேட்டையும் ஏத்துனாங்க. இந்த வருசம் கூலி ஒசத்தித் தரச் சொல்லி ஒரு மாசத்துக்கு மேல தறிய நிறுத்திப்போட்டு ஒக்காந்தோம். நல்லது பண்ணுனா நல்லதுன்னு சொல்லுவோம். கோட்டையாவது, ஒண்ணாவது!"

பெண்களின் கணக்கு வேறு. பன் வாங்க வந்த இன்னொரு பாட்டி, மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வருவதையும், காசு கொடுக்காமல் பஸ்ஸில் அன்னூர் சந்தைக்குப் போய்வருவதையும் சொல்கிறார். "மாத்திரைக்கு மகன் கையப் பாக்கறதில்ல சாமி" என்கிறார். மாநில அரசு அவர் கைக்கு நேராக வந்து சேர்ந்திருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர் வீட்டுக் குழாய்க்கு ஆயிரம் ரூபாய் தண்ணீர் கொண்டுவராது. அதற்கு ஊராட்சி வேண்டும்.

ஆசிரியர் சட்டம் பேசுகிறார். 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தம், ஊராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு, அது முடியும் முன்னரே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. மத்திய நிதிக் குழு மானியம் பெற, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. "2016 அக்டோபர்லயும் இப்படித்தாங்க நின்னுது. அப்ப அ.தி.மு.க. ஆட்சி. மூணு வருசம் தேர்தல் இல்ல. தி.மு.க. எவ்வளவு பேசுச்சு! இப்ப இவங்க வார்டு வரையறைங்கறாங்க, நகரத்தோட இணைப்புங்கறாங்க. எந்தக் கட்சி ஆண்டாலும் ஊராட்சித் தேர்தல்னா மட்டும் காரணம் கெடச்சிருது."

அவர் சொல்வது உண்மை. கோவை மாநகரத்தில் அது இன்னும் நீண்டது. 2016 அக்டோபரில் கலைந்த மாமன்றம் 2022 பிப்ரவரி 19 தேர்தலுக்குப் பிறகுதான் மறுபடி கூடியது. ஐந்தாண்டுக்கு மேல் நூறு வார்டுக்கும் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. அந்த இடைவெளியில்தான், 2018-ல், நகரின் குடிநீர் விநியோகத்தை 26 ஆண்டுக்கு சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது நல்ல ஒப்பந்தமா கெட்ட ஒப்பந்தமா என்று ஊர் இரண்டுபட்டுப் பேசியது; போராட்டங்கள் நடந்தன. என் வருத்தம் அதற்கும் முந்தையது. ஒரு தலைமுறைக்கான தண்ணீரைப் பற்றி முடிவெடுத்தபோது, எதிர்த்தோ ஆதரித்தோ மன்றத்தில் கை தூக்க மக்கள் அனுப்பிய ஒரே ஒரு ஆள்கூட அங்கே இல்லை. அலுவலர்கள் நேர்மையாகவே செய்திருக்கலாம். அடுத்த மாறுதலில் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். தோற்கடிப்பதற்கு ஓர் ஆள் இல்லாத நிர்வாகத்திடம் கேள்வி கேட்பது எப்படி?

பகல் பன்னிரண்டு ஆகிறது. திண்டு காலியாகத் தொடங்குகிறது. பட்டறைப் பையன்கள் மதியச் சிப்டுக்குக் கிளம்புகிறார்கள். தறிக்காரருக்குப் பாவு வரவேண்டும். மெம்பரம்மாவின் போன் அடிக்கிறது. எடுத்துக் கேட்டுவிட்டு, "தண்ணி உடறவருகிட்டச் சொல்றங் கண்ணு" என்கிறார்.

இந்த ஊரில் அரசியலில் அக்கறை இல்லாத ஒருவரையும் நான் அன்று பார்க்கவில்லை. எந்த ஆட்சி எதைத் தொடங்கியது, எது பாதியில் நிற்கிறது, எந்தக் குட்டை கணக்கில் விட்டுப்போனது என்று ஆளாளுக்குத் தெரிந்திருக்கிறது. பத்துக்குப் பத்து கொடுத்தும் தொண்ணூற்றாறு கொடுத்தும் கட்சிகளை எடைபோடத் தெரிந்த மக்கள், தங்கள் ஊர்த் தலைவரையும் தேர்ந்தெடுப்பார்கள். தவறான ஆளைத் தேர்ந்தால் ஐந்தாண்டில் மாற்றுவார்கள். அந்த வாய்ப்பை அவர்களிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ள எந்த அரசுக்கும் உரிமை இல்லை.

நவம்பர் 1 உள்ளாட்சி நாள். அன்றைக்கும் கிராம சபை நாள்தான். படிக்கிறவர்கள் உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். திண்ணையில் நிற்காமல் பந்தலுக்குள் உட்காருங்கள். தேர்தல் எப்போது என்று கேளுங்கள். அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.